அடுப்புக்கு மேல் தொங்கிய வட்டு

யீவு மலைமேல் ஆணை. இதோ பக்கத்தில் கொதித்துக்கொண்டிருக்கும் என் கெண்டியின் மேல் ஆணை. இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் எனக்கு மிச்சமிருக்கும் பற்கள் இந்த வரியை எழுதி முடிப்பதற்குள் உதிரட்டும். முடித்துவிட்டேன். பற்கள் இருக்கின்றன. ஆகவே நீங்கள் மேலே படிக்கலாம்.

கே பாவ்லின் தன் வெட்டுக்கத்தியை என் முன்னால் மேசையில் கொத்தி நிறுத்தியபோது, சூ தலைவர் வீட்டு முற்றத்தில் காலை வெயில் பாதிதான் இறங்கியிருந்தது. கத்தியின் பிடி கொஞ்ச நேரம் ஆடிவிட்டு நின்றது. பாவ்லின் எங்கள் ஊர்ப் பன்றிக்கடைக்காரன். விடியும்போதே அந்தக் கத்தியால் ஒரு பன்றியைப் பிளந்திருந்தான். கத்தியைக் கழுவித்தான் கொண்டுவந்திருந்தான், ஆனால் அவசரத்தில் கழுவியது.

"குடிச்சுப் பாத்துச் சொல்லு, கோணமூக்கா. அவசரமில்ல. ஆனா சரியாச் சொல்லு."

"இத எதுக்குப்பா தூக்கிட்டு வந்தே?" என்றார் சூ தலைவர். எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துகளை முப்பது வருடமாக நடத்துகிறவர் அவர். சேவலைக்கூட எதிர்த்துப் பேசாத மனிதர். வாயில் இருப்பது பொய்ப்பல் செட். கோபமே வராததால் அது தேயாமல் புதிதாக இருந்தது.

"வட்டு ஒடைக்க."

"அதுக்குக் குத்தூசி இருக்கேப்பா."

"எனக்குக் கத்திதான் பழக்கம், தலைவரே."

மேசைமேல் இரண்டு தேயிலை வட்டுகள் கிடந்தன. இரண்டும் ஒரே அளவு, நடுவில் ஒரே குழி, ஒரே பழுப்பேறிய காகிதம். வட்டை அழுத்தும்போது செய்தவர் பெயரெழுதி இலைக்குள் பதித்துவைக்கும் சீட்டு இரண்டிலும் இல்லை. பூச்சி பாரபட்சம் பார்க்காமல் இரண்டையும் தின்று தீர்த்திருந்தது.

எங்கள் பக்கத்தில் பழைய தேயிலைத் தோப்புகளுக்குப் பட்டா கிடையாது. ஒருவன் குடும்பத்துக்குத் தலைவனாகும் வருடத்தில், அந்தத் தோப்பின் வசந்த கால இலையைப் பறித்து, வாட்டி, வெயிலில் காயவைத்து, கல்லின் கீழே அழுத்தி ஒரே ஒரு வட்டு செய்வான். அதைத் தன் வீட்டு அடுப்புக்கு மேல் கயிற்றில் தொங்கவிடுவான். அது அங்கேயே பல வருடம் புகை குடித்து முதிரும். பச்சைப் பூஅர் என்கிற எங்கள் தேயிலை இளசாக இருக்கும்போது கன்னத்தில் அறைகிற மாதிரி கசக்கும். வயதானால் சிலர் அடங்குவதுபோல அதுவும் அடங்கும். சாகும்போது அந்த வட்டை அவன் யார் கையில் கொடுக்கிறானோ, தோப்பு அவருக்கு. இதில் வெகுகாலம் சண்டை வந்ததில்லை, ஏனென்றால் அந்த இலையை அப்போதெல்லாம் யாரும் வாங்கவில்லை. பிறகு நகரத்திலிருந்து கார்கள் மலையேறி வந்தன. தோப்பு, எலும்பை ஒடிக்கத் தகுந்த பொருளாகிவிட்டது.

பாவ்லின் அதற்கு முன்பே எலும்பு ஒடிக்க ஆரம்பித்தவன். ஒரு பன்றி ஈரல் தகராறில் சொந்த அப்பாவின் காறை எலும்பை ஒடித்தான். அதனால் கிழவர் சாகும்போது வட்டைச் சின்னவன் பாவ்யூனிடம் கொடுத்தார் என்று ஊரில் பேச்சு. கொடுத்ததை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. இந்தப் பஞ்சாயத்துக்கு முந்தின இலையுதிர் காலத்தில் பாவ்யூன் தோப்பில் செத்துக் கிடந்தான். மரத்திலிருந்து விழுந்தான் என்றார்கள். விழுந்தவன் மேல் ஏணி கிடந்தது, ஒழுங்காக, போர்த்திவிட்டதைப் போல.

மிச்சமிருந்தது அவன் மனைவி மிதூவும் பால் பல் விழாத ஒரு பெண் குழந்தையும். மிதூ மலைக்கு அந்தப் பக்கத்து ஹானி இனத்துக்காரி. அப்பாவின் வட்டு தன்னிடம் இருப்பதாக பாவ்லின் சொன்னான். தன்னிடம் இருப்பதாக மிதூ சொன்னாள். அவள் வட்டு பொய்யென்றால் தோப்பு பாவ்லினுக்கு. அதோடு போகவில்லை.

"புருஷன் போயிட்டான், பொம்பளையும் போலாம். நான் தடுக்கல," என்று அவன் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தான். "ஆனா கொழந்த கே வீட்டுது. அது எங்கிட்ட இருக்கும்."

அந்தக் குழந்தை அவன் பெயரைக் கேட்டாலே நெல் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

தீர்ப்புச் சொல்ல என்னைக் கூப்பிட்டது இயல்புதான். இந்த மலையில் முதிர்ந்த தேயிலையை என்னைப்போல் படித்தவன் கிடையாது. தேயிலை தன்னை வைத்திருக்கும் இடத்தை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். ஒரு வாய் குடித்தால் எனக்கு அந்த வீடே தெரிந்துவிடும். குன்மிங் நகரத்தில் ஒருமுறை ஒரு வியாபாரி நாற்பது வருடத்துச் சரக்கு ஒன்றை நீட்டினான். ஒரு மடக்குக் குடித்துவிட்டு, 'இதை வைத்திருந்த அறையில் ஒரு விதவை இருந்தாள், இடது கால் கொஞ்சம் ஊனம், பூனை வளர்த்தாள், பூனைக்கு அவளைப் பிடிக்காது' என்றேன். ஆள் அனுப்பி விசாரித்தார்கள். பூனை மட்டும் தவறு; அது நாய். என் மூக்கு ஒருபக்கமாகத் திரும்பியிருப்பதுதான் இதற்குக் காரணம் என்று ஊரில் ஒரு கருத்து உண்டு. சின்ன வயதில் சரக்கு வண்டிக் கோவேறு கழுதை ஒன்று முகத்தில் உதைத்தது. உதைத்த கழுதை மூன்றாம் நாள் செத்தது, நான் இருக்கிறேன். நேர் மூக்கு எதிரே இருப்பதைத்தான் முகரும், என்னுடையது தெருமுனை திரும்பிப் போய் முகர்ந்துவிட்டு வரும் என்பார்கள். நான் மறுத்ததில்லை.

"கத்தியால ஒடைச்சா இலை தூளாயிரும். தூளை ருசி பாக்க மாட்டேன்," என்றேன். பாவ்லின் என்னை முறைத்துவிட்டுக் குத்தூசியை எடுத்தான். வட்டை இடது கையில் பிடித்து, பன்றியின் கழுத்தில் இறக்குவதுபோல ஓங்கி இறக்கினான். கல்லாய் இறுகியிருந்த வட்டின் விளிம்பில் வழுக்கி, ஊசி அவன் உள்ளங்கையில் புகுந்து புறங்கையில் முனையைக் காட்டியது. அவன் அதை, பக்கத்து வீட்டுக்காரன் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். உருவினான். நக்கினான். மறுபடி குத்தினான். இலைமேல் ரத்தம் சொட்டியது.

"ரெத்தம் படுதே," என்றார் தலைவர், கண்ணை மூடிக்கொண்டு.

"கே வீட்டு எலை, கே வீட்டு ரெத்தம். ஒத்துப் போவும்."

மிதூவால் தன் வட்டைப் பிடிக்க முடியவில்லை. இடது கையில் இரண்டு விரல்களுக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தாள். முந்தின வாரம் பாவ்லின் அவள் வீட்டுக்குப் போய் வட்டைக் கேட்டதும், அவள் தரமாட்டேன் என்றதும் அந்த விரல்களைக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தியதும் எல்லோருக்கும் தெரியும். 'பொய் வட்ட அடுப்புல போடத்தான் கேட்டேன்' என்பது அவன் தரப்பு. அவளுக்காக நான் வட்டைப் பிடித்துக்கொண்டேன். ஊசியை விளிம்பில் படுக்கவைத்து, அடுக்கடுக்காக, ஒரு இலைகூட ஒடியாமல் எடுத்தாள்.

முதலில் பாவ்லினுடையது. மூடிக் கோப்பையில் இலையைப் போட்டு, வெந்நீர் ஊற்றி, அந்தக் கழுவுநீரைக் கொட்டினேன். அதில் பாவ்லினும் கொஞ்சம் போனான். அடுத்த நீர் மாட்டு ரத்த நிறத்தில் இறங்கியது. கோப்பையை மூக்கருகே வைத்தேன், பிறகு குடித்தேன். அந்தத் தேநீர் என் நெஞ்சில் குத்தியது. உவமை இல்லை, குத்தியது. என் சட்டையின் மேல் பொத்தான் தெறித்துப் போய் எதிர்ச் சுவரில் பட்டு, அங்கே இருந்த பல்லி செத்து விழுந்தது. தலைவர் குனிந்து பல்லியைப் பார்த்துவிட்டு நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டார். முதுகில் வேர்வை ஊற்றெடுத்து இடுப்புத் துணிவரை நனைந்தது. வாசலில் கட்டியிருந்த கழுதை காரணமில்லாமல் கதவை உதைத்தது. இளம் வயதில் நான் இதைவிட முரட்டுத் தேநீர் குடித்திருக்கிறேன், அதன் பிறகு இரண்டு நாள் என் முழங்கால் பின்பக்கமாக மடங்கியது. அதை இங்கே சொல்லப்போவதில்லை, நம்பமாட்டீர்கள்.

மூக்கை மறுபடியும் கோப்பைக்குள் விட்டு, கண்ணை மூடி, அந்த வாசனைக்குள் போய்க்கொண்டிருந்தேன். திடீரென்று சுற்றிலும் நாற்காலிகள் நகரும் சத்தம்.

"ஐயையோ, சோறு தீயுதே," என்று தலைவர் கத்தினார்.

தலைவரின் மனைவி வேடிக்கை பார்க்கும் ஆசையில் அடுப்பை விட்டுவிட்டு ஜன்னலில் நின்றிருந்தாள். அவள் உள்ளே ஓடினாள், மிதூவும் ஓடினாள். பாவ்லின்கூடப் புறங்கையால் மூக்கைப் பொத்திக்கொண்டான். நான் அசையவில்லை. ருசி பார்ப்பவனின் கவனம் அப்படிப்பட்டது. மிதூ கரியாகிப்போன பானையைத் துணி சுற்றித் தூக்கிவந்து, எங்கே வைப்பது என்று தெரியாமல், என் காலருகே வைத்தாள். நான் கோப்பையை முகர்ந்துகொண்டே இருந்தேன். கண்ணைத் திறந்தபோது அவள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பானையைப் பார்த்தாள். மறுபடி என்னை. அவள் முகத்திலிருந்து ரத்தம் இறங்கிவிட்டது.

அடுத்து அவளுடையது. நீர் ஊற்ற அவள்தான் முன்வந்தாள். ஊற்றும்போதும் என் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய செம்பின் நிறத்தில் தேநீர் இறங்கியது. குடித்தேன். அது என்னைக் குத்தவில்லை, உதைக்கவில்லை. தொண்டைக்குள் இறங்கிக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தது. மேசையின் ஓரத்தில் அவளுடைய பத்தை கட்டிய விரல்கள் இருந்தன. நகங்கள் இரண்டும் கறுத்திருந்தன.

"சொல்லு," என்றான் பாவ்லின்.

நான் அவன் கோப்பையைக் கையில் எடுத்தேன். "இது அடுப்புக்கு மேல தொங்கினதே இல்ல. பன்னி மயிர் பொசுக்குற கொட்டாயில ஆவியில வெந்து பழுத்தது. ஒரு மழைக்காலம் அங்க தொங்கவிட்டா முப்பது வருசத்துக் கெழடு மாதிரி ஆயிரும். வெளியில நிறம் வரும். ஆனா உள்ள பன்னி இருக்கும். வெந்நீ, மயிரு, கத்தல், எல்லாம் இருக்கு இதுல. அதான் குடிச்சா ஆளை அடிக்கிது."

தலைவர் எட்டிக் கோப்பையை வாங்கி முகர்ந்து, நாக்கிலும் ஒரு சொட்டு விட்டுக்கொண்டார். அவர் முகம் மெல்லச் சுருங்கியது. "ஆமா," என்றார். "பன்னி."

"எனக்கு இங்கயே அடிக்குது," என்றாள் ஜன்னலிலிருந்து அவர் மனைவி.

பாவ்லின் கோப்பையைப் பிடுங்கினான். நீளமாக முகர்ந்தான். மறுபடி முகர்ந்தான். அன்று முதல் தடவையாகத் தன் முகத்தை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. இருபது வருடமாகப் பன்றிக்குள் குடியிருக்கிறவன். அவன் சட்டை பன்றி, படுக்கை பன்றி, மூச்சு பன்றி. மீனிடம் தண்ணீர் வாசனை வருகிறதா என்று கேட்டால் அது என்ன சொல்லும்?

"எனக்குத் தெரியலையே," என்றான், கிட்டத்தட்ட மரியாதையாக.

பிறகு மேசை பறந்தது.

அடுத்து நடந்ததற்கு அந்தத் தேநீர்தான் பொறுப்பு என்பது என் கருத்து. கத்தி காற்றில் ஒருமுறை என் தலைக்கு மேலே போனது. தொப்பியும் அதன் கீழே கொஞ்சம் தோலும் அதோடு போயின. இரண்டாவது வீச்சில் உத்தரத்தில் தொங்கிய மிளகாய்ச் சரம் அறுந்து விழுந்தது. மூன்றாவது எனக்கு என்று தெரிந்ததும், நான் மிதூவின் தேயிலைக் கோப்பையோடு கவிழ்ந்த மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து மிச்சத்தைக் குடித்தேன். சண்டை என்ன, இன்றைக்கு முழுக்க நடக்கும், தேநீர் ஆறிவிடும். மேசைப் பலகையைப் பிளந்துகொண்டு கத்தியின் முனை என் காதோரம் வந்து எட்டிப்பார்த்தது. அவன் அதை உருவ இழுத்த அந்த நேரத்தில் மிதூ கெண்டியைத் தூக்கி அவன் தோளிலும் கழுத்திலும் ஊற்றினாள். அவன் கத்தவில்லை. திரும்பி, முழங்கையால் அவள் வாயில் அடித்தான். அவள் சுவரில் மோதி உட்கார்ந்தாள், உதட்டிலிருந்து ரத்தம் மார்பில் வடிந்தது. அவன் அவள் முடியைப் பிடித்துத் தூக்கினான். தலையைச் சுவரில் ஒருமுறை மோதினான். இரண்டாவது முறை மோதுவதற்கு முன், சேவலை எதிர்த்துப் பேசாத சூ தலைவர், அவன் முதுகில் தாவி ஏறிக் காதைக் கடித்தார். அவர் அந்தக் கோப்பையில் ஒரு சொட்டுக் குடித்திருந்தார் என்பதை நினைவில் வையுங்கள். உதறியதில் தலைவர் போய்த் தொழுவத்தில் விழுந்தார். அவருடைய பற்கள் போகவில்லை. அவை பாவ்லினின் காதிலேயே தொங்கின.

அதற்குள் தெருக்காரர்கள் கழிகளோடு வந்து அவனைச் சூழ்ந்துவிட்டார்கள். எத்தனை கழி ஒடிந்தது என்று நான் எண்ணவில்லை. கடைசியில் அவன் முற்றத்தின் நடுவில் மண்டியிட்டிருந்தான்; கழுத்தில் தோல் உரிந்து தொங்க, காது பாதியாக.

எங்கள் ஊர் வழக்கப்படி, தோற்றவன் தீர்ப்புச் சொன்னவனுக்குத் தன் கையால் தேநீர் ஊற்ற வேண்டும். மூன்று கோப்பை. தீர்ப்புச் சொன்னவன் கையை விலக்காமல் வாங்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் இரண்டு விரலால் மேசையைத் தட்டி நன்றி சொல்ல வேண்டும். கையை விலக்கினால் தீர்ப்பு செல்லாது, பஞ்சாயத்து மறுபடி முதலிலிருந்து. இது பாவ்லினுக்கும் தெரியும்.

மேசையை நிமிர்த்திப் போட்டார்கள். கெண்டியை மறுபடி கொதிக்க வைத்தார்கள். கோப்பையைச் சுற்றி என் விரல்களை வைத்துக்கொண்டேன். அவன் ஊற்றினான். கோப்பை நிறைந்தது. நிறுத்தவில்லை. விளிம்பு தாண்டி என் கைமேல் வந்தது. மறு கையால் மேசையைத் தட்டினேன். அதைக் குடித்துவிட்டு மறுபடி வைத்தேன். இரண்டாவது தடவை அவன் கோப்பையில் ஊற்றவே இல்லை. நேராக என் கைமேல் ஊற்றினான், மெதுவாக, செடிக்கு ஊற்றுவதுபோல. தோல் வெளுத்து, சுருங்கி, மேலே எழும்பியது. தட்டினேன். மிதூ சுவரோரத்தில் குழந்தையை இடுப்பில் இறுக்கிப் பிடித்தபடி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ அந்தக் குழந்தையை நெல் பெட்டியிலிருந்து தூக்கி வந்திருந்தார்கள்.

மூன்றாவதை ஊற்ற அவன் குனிந்தான். எனக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினான்.

"அது எங்கப்பா அடுப்பு மேல தொங்கினதுதான், பெருசு. என் கையால அவுத்தேன்."

"எப்பப்பா அவுத்தே? தம்பி இருக்கும்போதா, போன பெறகா?" என்றேன்.

கெண்டி அந்தரத்தில் நின்றது. அதன் மூக்கிலிருந்து ஒரு சொட்டு, பிறகு இன்னொரு சொட்டு. நான் காத்திருந்தேன். அவன் கண்கள் என் முகத்திலிருந்து மெல்ல விலகி, சுவரோரமாகப் போய், குழந்தையின் மேல் பட்டு, அங்கிருந்தும் விலகின. மூன்றாவது கோப்பையைப் பாதிதான் ஊற்றினான். கெண்டியை வைத்துவிட்டு, காதிலிருந்து தலைவரின் பற்களைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, கத்தியை எடுக்காமலே கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனான். நான் மேசையைத் தட்டினேன்.

மூன்று மாதத்தில் கடையை மூடிவிட்டு மலையிறங்கிவிட்டான். எங்கே போனான் என்று யாரும் தேடவில்லை. அவனுடைய வட்டைத் தலைவர் அடுப்பில் போட்டார். எரியும்போது பல வருடம் அடுப்புக்கு மேல் தொங்கினதைப்போல நல்ல பைன் விறகுப் புகை வாசனை வந்ததாக அவர் மனைவி வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் எதையும் சரியாகச் சொல்கிறவள் இல்லை.

மிதூவின் பெண் இப்போது அம்மாவைவிட உயரமாகி மரம் ஏறுகிறாள். ஒவ்வொரு வசந்தத்திலும், நகரத்து வியாபாரிகளின் கார்கள் கீழ் வளைவில் தெரிவதற்கு முன்பே மிதூ புது இலையோடு என் வீட்டுக்கு வந்துவிடுவாள். நீர் ஊற்றி, தானே முதலில் முகர்ந்து, கொஞ்ச நேரம் யோசிப்பாள். பிறகு என் காதருகே குனிந்து, கோணலாய் ஆறிப்போன அந்த இரண்டு விரல்களால் மேசையில் தாளம் போட்டபடி சொல்லுவாள்.

"இந்த வருசம் தேன் வாசம், பெரியப்பா. அடியில கொஞ்சம் ஆர்கிட் பூ. பொகை வாசம் துளிகூட இல்ல. மறந்துறாதீங்க."

வியாபாரிகள் வந்து சுற்றி உட்கார்வார்கள். நான் கோப்பையை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடுவேன், அவர்கள் மூச்சுவிடுவதை நிறுத்தும்வரை காத்திருப்பேன். "தேன்," என்பேன். அவர்களும் முகர்ந்து பார்த்து ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டுவார்கள்.

சின்ன வயதில் அந்தக் கோவேறு கழுதை முகத்தில் உதைத்த நாளிலிருந்து இன்றுவரை எனக்கு எந்த வாசனையும் தெரிந்ததில்லை.